விளக்கை அணைக்கும் முன்: மலிவான கோடு ரீடர் ஒன்றை முன்வைத்துச் சில எண்ணங்கள்

கடந்த சில மாதங்களில் ஆய்வு மாணவர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டனர்: "காருக்கு ஸ்கேனர் ஒன்று வாங்க வேண்டும், குறைந்த விலையில் எது நல்லது?" மொழியியல் படிக்கும் ஒருவனிடம் இக்கேள்வி வந்து சேர்ந்ததற்குப் பின்னே ஒரு நிகழ்ச்சி உண்டு. அதைச் சொல்லி, கேள்விக்கான விடையையும், அவ்விடையில் எனக்குள்ள தயக்கத்தையும் ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லதெனத் தோன்றியது. பதிவு நீளமானது, பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

புனேயின் ஏரவாடாவில், டெக்கான் கல்லூரிக்கு நடந்து செல்லும் தொலைவில் ஐந்தாண்டுகளாகக் குடியிருக்கிறேன். என்னுடன் ஆய்வு செய்யும் தோழி ஒருவர் தம் தாயாரைத் தஞ்சையிலிருந்து அழைத்துவந்து தம்முடன் வைத்திருக்கிறார். வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆட்டோவுக்கும் வாடகைக் காருக்கும் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தபோது, பழைய கார் ஒன்றை வாங்கிவிடுவதே மேல் என்ற முடிவுக்கு வந்தார். ஆய்வு உதவித்தொகையில் நான்காண்டுகளாகச் சேர்த்தது முழுவதும் அதற்குப் போகும். 2016ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார் ஒன்றைப் பார்க்கச் சென்றபோது என்னையும் உடன் அழைத்தார். நான் இரவல் வாங்கிய ஒரு கோடு ரீடரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

விற்பவர் ஓய்வுபெற்ற பெரியவர். கார் சுத்தமாக இருந்தது. சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் எரிந்தன. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஒன்றுவிடாமல் அணைந்தன. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 துளைச் சொருகியில் ரீடரைப் பொருத்தினேன். "குறியீடு ஏதுமில்லை" என்றது. தோழியின் முகம் மலர்ந்தது. நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன். கார்க் கணினி தன் புகை தொடர்பான உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும் தேர்வுகளில் வினையூக்கி மாற்றி, ஆக்சிஜன் சென்சார் ஆகியவற்றுக்கானவை "முடியவில்லை" என்றிருந்தன. அதற்கடுத்த பக்கத்தில் ஒரு வரி: குறியீடுகள் அழிக்கப்பட்ட பின் ஓடிய தொலைவு 11 கிலோமீட்டர்.

ஓடோமீட்டரில் அறுபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு, நினைவில் 11. பெரியவரிடம் கேட்டேன். "பேட்டரி போய்விட்டது, நேற்றுத்தான் புதிது மாற்றினேன்" என்றார். பேட்டரியைக் கழற்றினாலும் பல கார்களில் இந்த நினைவு அழிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் காரை விற்கும் முன் விளக்கை அணைக்க நினைக்கும் எவரும் சொல்லக்கூடிய விடையும் அதுவே. "வழக்கம்போல் ஒரு வாரம் ஓட்டுங்கள், மீண்டும் வருகிறோம்" என்று சொல்லித் திரும்பினோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, நிலுவைக் குறியீடுகளின் பகுதியில் ஒன்று வந்திருந்தது: பி0420. விளக்கு இன்னும் எரியவில்லை. ஆனால் கணினிக்கு ஐயம் தொடங்கிவிட்டது. வினையூக்கி மாற்றி என்றால் பெருஞ்செலவு. அந்த எண்ணைக் காட்டிப் பேசி விலையில் முப்பதாயிரம் ரூபாய் குறைத்தேன். தோழி காரை வாங்கினார். துறையில் நான் ஒரே நாளில் "கார் நிபுணன்" ஆனது இப்படித்தான். இக்கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. அது எனக்கு அவ்வளவு பெருமை தருவதன்று. முடிவில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொருகி எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். அது கார் உரிமையாளரின் நலனுக்காகப் பிறந்ததன்று; ஊரார் சுவாசிக்கும் காற்றுக்காகப் பிறந்தது. புகைமூட்டத்தில் தவித்த கலிஃபோர்னியா, 1988ஆம் ஆண்டு மாடல்கள் முதல், காரே தன் புகைக் கட்டுப்பாட்டுப் பழுதைக் கண்டறிந்து சொல்ல வேண்டுமென விதித்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன்தன் வழியில் சொல்லிக்கொண்டிருந்ததால் குழப்பம் மிஞ்சியது. 1996ஆம் ஆண்டு மாடல்கள் முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும் ஒரே வடிவச் சொருகி, ஒரே அமைப்பிலான குறியீடுகள் என்ற ஓபிடி-2 முறை கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் 2001இல் பெட்ரோல் கார்களுக்கு வந்தது. இந்தியாவில் 2010 ஏப்ரல் 1 அன்று பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தன. புனே அவற்றுள் ஒன்று. ஓபிடியின் முதற்கட்டம் அவ்விதிகளுடன் வந்தது. இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில் தொடங்கியது. நாடு முழுவதற்கும் ஸ்டேஜ் 4 வர 2017 ஏப்ரல் ஆயிற்று. ஸ்டேஜ் 5ஐத் தாண்டி 2020 ஏப்ரலில் நேரே ஸ்டேஜ் 6க்கு வந்தோம். இவ்விதிகளுக்கு உட்பட்டு வண்டிகளைச் சோதிக்கும் முதன்மை அமைப்புகளுள் ஒன்றான ஏஆர்ஏஐ, 1966இல் நிறுவப்பட்டு, இதே புனேயில் ஒரு குன்றின் மேல் இயங்கிவருகிறது.

இவ்வரலாற்றில் வாங்குவோருக்குப் பயன்படும் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று: புகை தொடர்பான குறியீடுகள் பொதுவானவை, விலை குறைந்த ரீடரும் அவற்றை வாசிக்க முடிவது சட்டம் அவற்றைப் பொதுவில் வைத்ததால்தான். பிரேக், ஏர்பேக், கதவு, பூட்டு முதலியவை அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்பவை. அவற்றை நிறுவனங்கள் பெரும்பாலும் தம் தனிமொழியிலேயே வைத்துள்ளன. இரண்டு: 2010க்கு முந்தைய கார்களிலும், 2017க்கு முன் ஸ்டேஜ் 3 ஊர்களில் விற்ற சில கார்களிலும் சொருகி இருந்தாலும் மறுமுனையில் பொதுமொழி பேசுவார் எவருமில்லாமல் போகலாம். ஆகவே ரீடர் வாங்குமுன், இரவல் வாங்கியேனும் ஒருமுறை உங்கள் காரில் பொருத்திப் பார்த்துவிடுங்கள்.

இனி, குறியீடு என்ன சொல்கிறது என்னும் கேள்வி. இது என் துறைக்கு நெருங்கியது. ஓர் எழுத்து, நான்கு இலக்கம். பி என்றால் இன்ஜினும் கியர்பாக்ஸும், சி என்றால் பிரேக், ஸ்டீயரிங் போன்ற அடிப்பகுதி அமைப்புகள், பி-க்கு ஒலியில் நெருங்கிய ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து உடற்பகுதி, யு என்றால் கணினிகளுக்கிடையிலான தொடர்பு. அடுத்த இலக்கம் 0 என்றால் பொதுக் குறியீடு. 1 என்றால் நிறுவனத்தின் சொந்தக் குறியீடு. இதுவரை ஓர் அகராதியின் ஒழுங்கு உள்ளது. இடர் அதன்பின் தொடங்குகிறது.

பி0420 என்ற குறியீட்டுக்கு உரிய பொருள், "வினையூக்கி அமைப்பின் திறன் குறித்த அளவுக்குக் கீழே" என்பது மட்டுமே. "வினையூக்கி மாற்றியை மாற்றுக" என்பது அதன் பொருளன்று. அவ்வுறுப்பின் திறனைக் கணினி நேரடியாக அளப்பதும் இல்லை. வினையூக்கிக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள் உள்ளன. முன்னதன் மின்னழுத்தம் ஏறியிறங்கும். வினையூக்கி நலமாக இருந்தால் பின்னது ஏறத்தாழ நிலையாக நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால், "வினையூக்கி வேலை செய்யவில்லை போலும்" என்று கணினி ஊகிக்கிறது. புகைக்குழாயில் சிறு கசிவு இருந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும், சென்சார் தளர்ந்தாலும், அதே ஊகம் எழும். குறியீடு ஒரு சாட்சியின் கூற்று. சாட்சி எங்கே நின்று எதைக் கண்டார் என்று கேட்காமல் தீர்ப்பெழுதலாகாது. சுவடியில் கண்ட ஒரு வாசகத்தை அதன் இடம், காலம், படியெடுத்தவர் யார் என்று பாராமல் நாம் ஏற்பதில்லையே. அந்த ஒழுக்கம் இங்கும் வேண்டும்.

சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்யும் வழியும் அதே சொருகியிலேயே உள்ளது. குறியீடு பதிவான நொடியில் இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடியது, கார் என்ன வேகத்தில் சென்றது, குளிர்நீர் எவ்வளவு சூடு, எரிபொருளை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ கொடுத்துக்கொண்டிருந்தது என்பதையெல்லாம் கணினி ஒரு நிழற்படம் போல உறையவைத்துக் காக்கிறது. பி0171 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம்: காற்று மிகுதி, எரிபொருள் குறைவு என்று பொருள். இது ஐட்லிங்கில் மட்டும் வந்ததென்றால் காற்றுக்குழாய்க் கசிவை முதலில் தேடலாம். நெடுஞ்சாலை வேகத்தில் வந்ததென்றால் பெட்ரோல் பம்பையும் ஃபில்டரையும் ஐயுறலாம். இப்போது பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் நினைவில் கொள்ள வேண்டும். பெட்ரோல் முழுதாக எரிய அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு ஏறத்தாழ 9 மடங்கே போதும். அதற்கேற்பக் கணினி எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கிறது. பழைய கார் ஒன்றில் அந்தக் கூட்டல் ஏற்கெனவே எல்லையருகே இருந்தால், மிகச் சிறிய கசிவும் விளக்கை ஏற்றிவிடும். உறைந்த படத்தைப் பாராமல் குறியீட்டின் எண்ணை மட்டும் கடையில் சொல்லிச் சென்சார் வாங்குவோர், சாட்சியை விட்டுவிட்டுச் சாட்சியின் நாற்காலியைத் தண்டிக்கிறார்கள்.

இத்தனையும் உரிமையாளருக்கு எதற்கு, மெக்கானிக் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்கலாம். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு வழக்கு விடை சொல்கிறது. 2011 ஜனவரியில் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் ஆகிய நிறுவனங்களின் மேல் முறையிட்டார். உதிரி பாகங்களும், பழுதைக் கண்டறியும் கருவிகளும், தொழில்நுட்பக் கையேடுகளும் தனியார் பட்டறைகளுக்குக் கிடைக்காதவாறு நிறுவனங்கள் தம் அங்கீகாரம் பெற்ற கடைகளுக்குள்ளேயே வைத்திருக்கின்றன என்பது முறையீடு. விசாரணை ஏனைய நிறுவனங்களுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; கருவிகளும் பாகங்களும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டுமென்றும், வெளியே பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை முழுதாக மறுக்கக் கூடாதென்றும் பணித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன, அபராதத் தொகை குறித்துப் பின்னர் மாற்றங்கள் வந்தன. ஆயினும் அவ்வாணை ஒன்றை ஆவணப்படுத்திவிட்டது: காரை விற்ற பின்னும் அதன் மொழியை விற்காமல் வைத்துக்கொள்ளும் வணிகம் ஒன்று உண்டு. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளம் தொடங்கியபோது, அதில் சேர்க்கப்பட்ட நான்கு துறைகளுள் வாகனமும் ஒன்றாக இருந்ததற்கு இதுவே பின்புலம்.

ஆகவே சில நூறு ரூபாய்க் கருவி ஒன்று நம் கைக்கு வருவது சிறிய செய்தியன்று. சர்வீஸ் சென்டரில் "ஸ்கேன் செய்ததில் இது வந்திருக்கிறது" என்று சொல்லி நீட்டப்படும் மதிப்பீட்டுத் தாளை, என்ன குறியீடு, எந்த நிலையில் வந்தது என்று கேட்டு வாங்கும் துணிவை அது தருகிறது. அந்தக் கேள்வி ஒன்றே பல தேவையற்ற பில்களைத் தடுக்கும்.

ஆனால் கருவியை மிகையாக நம்புவோருக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் டேனியல் கார்டர் தலைமையில் ஒரு சிறு குழு, எடுத்துச்செல்லக்கூடிய புகை அளவியைக் காரின் பின்புறம் ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டி அளந்தது. அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா, மார்க் பெஷ் ஆகியோர் அதில் இருந்தனர். 2014இல் வெளியான அவர்களின் அறிக்கையில், ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா ஒன்று நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சட்ட வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்கு வரை வெளியிட்டது தெரியவந்தது. சோதனைக்கூடத்தில் ஒழுங்காகவும் சாலையில் வேறாகவும் நடந்துகொள்ளும்படி மென்பொருளே எழுதப்பட்டிருந்ததை 2015 செப்டம்பரில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஏஆர்ஏஐயின் சோதனைகளுக்குப் பின், அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவிலும் சுமார் 3.23 லட்சம் கார்கள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அக்கார்கள் எதிலும் இதற்காக விளக்கு எரியவில்லை. எந்த ரீடரைச் செருகியிருந்தாலும் "குறியீடு ஏதுமில்லை" என்றே சொல்லியிருக்கும். நாம் வாசிப்பது காரை அன்று. கார் தன்னைப் பற்றி எழுதிவைத்த குறிப்பை. எழுதியவரின் கை அதில் எப்போதும் உண்டு.

இந்த இரண்டு உண்மைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன்.

முதலாவது, அழிக்கும் வசதியைப் பார்த்து வாங்காதீர்கள். மிகமிக மலிவான கருவியும் அழிக்கும். நீங்கள் கேட்க வேண்டியவை ஐந்து: பதிவான குறியீடு, நிலுவைக் குறியீடு, உறைந்த படம், சுயதேர்வுகளின் நிலை, அழித்தபின் ஓடிய தொலைவு. இந்த ஐந்தையும் காட்டும் கருவி போதும். ஓடும் காரின் சென்சார் அளவுகளை வரைகோடாகக் காட்டுமானால் இன்னும் நல்லது. இவற்றுள் சிலவற்றைச் சில கார்கள் தரமாட்டா. அது கருவியின் குற்றமன்று.

இரண்டாவது, கைபேசியோடு இணையும் சிறு டோங்கிள்கள் பற்றி. இவற்றில் பெரும்பாலானவை கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய ஈஎல்எம்327 என்ற சில்லின் பெயரைத் தாங்கியவை. அதன் முதற்பதிப்பின் மென்பொருள் பூட்டப்படாமல் வெளிவந்ததால் எங்கும் படியெடுக்கப்பட்டது. அந்நிறுவனம் 2022இல் மூடப்பட்டுவிட்டது. படிகள் மட்டும் இன்னும் விற்கின்றன. அட்டையில் "பதிப்பு 1.5" என்று அச்சிட்ட டோங்கிள்களை எங்கும் காணலாம், அப்படியொரு பதிப்பை மூல நிறுவனம் வெளியிட்டதே இல்லை. சுவடியியலில் இதைவிடத் தெளிவான போலிச் சான்று கிடைப்பது அரிது. போலிகள் எல்லாமே பயனற்றவை என்று சொல்லமாட்டேன். எளிய வாசிப்பைச் செய்துவிடும். ஆனால் நீண்ட விடைகளை இடையில் விழுங்குவதும், சில கட்டளைகளுக்கு மௌனம் காப்பதும் உண்டு. "குறியீடு ஏதுமில்லை" என்ற விடை காரின் மௌனமா கருவியின் மௌனமா என்று தெரியாவிட்டால் அக்கருவியால் பயனில்லை. சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, தயாரிப்பாளர் பெயரும் திருப்பித்தரும் வசதியும் உள்ளதை வாங்குவது நல்லது. ஐபோன் வைத்திருப்போர் குறைமின் ப்ளூடூத் அல்லது வைஃபை வகையா என்று பார்க்க வேண்டும். பழைய வகை ப்ளூடூத் டோங்கிள்கள் அதில் இணையாது.

மூன்றாவது, திரையுடன் தனித்து இயங்கும் கருவிகள் உண்டு. வயர் ஒன்று, பொத்தான்கள் நான்கைந்து, சிறு திரை. இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்பின்னாக நல்லவை கிடைக்கின்றன. செயலி தேவையில்லை, சந்தா இல்லை, உங்கள் பயணத் தரவு எங்கும் போவதில்லை, கைபேசி மாறினாலும் கவலையில்லை. பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதற்கு இதுவே ஏற்றது. என் பரிந்துரை இதுதான்.

நான்காவது, ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிந்தால் பொது ரீடர் பெரும்பாலும் உதவாது. டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதையும் பல நேரங்களில் அது காட்டாது. அவற்றுக்கு உங்கள் நிறுவனக் காரின் தனிமொழி தெரிந்த கருவி வேண்டும். அதன் விலை பல மடங்கு. ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படுவதற்காக அதை வாங்காதீர்கள். அதை வைத்திருக்கும் பட்டறைக்குக் கட்டணம் கொடுத்துப் பாருங்கள்.

ஐந்தாவது, வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். சொருகியில் பேட்டரி மின்சாரம் எப்போதும் உண்டு. மாதக்கணக்கில் நிற்கும் காரில் டோங்கிளை விட்டுவைத்தால் பேட்டரி இறங்கும். பாதுகாப்புக் கருதியும் இது நல்லது. 2015இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், இணைய வசதியுள்ள ஒரு டோங்கிளின் வழியே குறுஞ்செய்தி அனுப்பி, மெதுவாகச் சென்ற காரின் பிரேக்கையே இயக்கிக்காட்டினர்.

ஆறாவது, எந்தக் கருவி வாங்கினாலும், செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வாசிப்பதற்குக் காத்திராமல் காரை ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் வினையூக்கியை எரித்துக்கொண்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். நிலையாக எரியும் விளக்குக்கு அவ்வளவு அவசரமில்லை; ஆனால் வெப்பநிலை, ஆயில் விளக்குகள் வேறு இனம், அவற்றை ஓட்டியபடி ஆராயக்கூடாது.

"கட்டுப்படியாகும் விலை" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் குடியிருக்கும் ஊரின் பெயரில் ஓர் இராட்டை உண்டு. காந்தி ஏரவாடாச் சிறையிலிருந்த காலத்தில் செம்மைப்படுத்திய, பெட்டிக்குள் மடிந்துவிடும் ஏரவாடா சர்க்கா. அதற்குச் சற்று முன், 1929இல், சிறந்த இராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய்ப் பரிசு அறிவிக்கப்பட்டபோது, விதிகளில் விலை 150 ரூபாயை மிஞ்சக்கூடாது என்பதோடு நிறுத்தவில்லை. 20 ஆண்டு உழைக்க வேண்டும், ஆண்டுப் பராமரிப்பு விலையில் ஐந்து சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். கட்டுப்படியாதல் என்பது வாங்கும் நாளோடு முடிவதில்லை என்று அவர்கள் அறிந்திருந்தனர். ஆண்டுச் சந்தா கேட்கும் செயலி, அடுத்த ஆண்டு கைபேசியில் இயங்காத டோங்கிள் ஆகியவற்றை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

அதே அளவுகோலின்படி இன்னொன்று: இக்கருவியை ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. ஓராண்டில் நான்கு முறை பயன்பட்டால் மிகுதி. ஆய்வு மாணவர் விடுதியோ, குடியிருப்புச் சங்கமோ, துறை நூலகமோ திரையுள்ள நல்ல ரீடர் ஒன்றை வாங்கி, ஏட்டில் கையெழுத்திட்டு எடுத்துச்செல்லும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். அந்த ஏட்டிலேயே எந்தக் கார், என்ன குறியீடு, இறுதியில் உண்மையான பழுது எது என்று ஒரு வரி எழுதிவைத்தால், சில ஆண்டுகளில் எந்தச் செயலியிலும் கிடைக்காத ஓர் உள்ளூர் அறிவு திரளும்.

அப்படியோர் ஏட்டில் முதலில் எழுத வேண்டிய வரி என்னுடையதே. கதையின் பிற்பகுதிக்கு வருகிறேன்.

கார் வாங்கிய மறுவாரம், கடைவீதிப் பக்கம் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். இங்கே அவரை எல்லாரும் "தாதா" என்பார்கள். மராத்தியில் அண்ணன் என்று பொருள், தமிழ் நாளிதழ்களில் வரும் பொருளன்று. நான் குறியீட்டைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, தோழியிடம் ஒரு பழந்துணியைக் கொடுத்து, இன்ஜின் ஓடும்போது சைலன்சர் வாயைச் சிறிது நேரம் அடைத்துப் பிடிக்கச் சொன்னார். தாம் முன்பக்கம் குனிந்து காதைக் கொடுத்தார். சற்று நேரத்தில் என்னையும் குனியச் சொன்னார். புகைக்குழாய் இணையும் இடத்தில் மெல்லிய சீறல், அருகே கரித்தடம். கேஸ்கெட் கசிவு. பொருளும் கூலியுமாக இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பத்து நாள் கழித்து எல்லாச் சுயதேர்வுகளும் முடிந்திருந்தன. குறியீடு ஏதுமில்லை, இம்முறை அது காரின் உண்மையான விடை.

காரின் காகிதங்களை அடுக்கியபோது இன்னொன்றும் கிடைத்தது. பேட்டரிக் கடை பில். நாங்கள் முதலில் சென்ற நாளுக்கு முந்தைய நாளின் தேதி. பெரியவர் சொன்னது உண்மை. நான் அவருடைய சொல்லை ஐயுற்றேன், கருவியின் எண்ணை ஐயுறவில்லை. தவிரவும், பி0420 என்பது வினையூக்கி மாற்றியின் மரணச் சான்றிதழ் அன்று என்பதை அன்றும் நான் அறிந்தே இருந்தேன். அறிந்திருந்தும், அறியாத ஒருவரிடம் அதை அவ்வாறு பேசி முப்பதாயிரம் குறைத்தேன். நான் மேலே குற்றஞ்சாட்டிய மதிப்பீட்டுத் தாளை நீட்டும் கையும் அன்று என் கையும் ஒரே வேலையைத்தான் செய்தன.

இதைத் தோழியிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை. பெரியவரைக் கைபேசியில் அழைத்து, என்ன பழுது, என்ன செலவாயிற்று என்று விளக்கி, குறைத்த தொகையில் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டார். டயாலிசிஸ் செலவுக்கு நடுவே அவர் செய்தது அது. எனக்கு அந்த எண்ணமே தோன்றியிருக்கவில்லை.

எனவே, எது வாங்கலாம் என்று கேட்போருக்கு என் விடை: ஐந்து செய்திகளைக் காட்டும், திரையுடைய, சந்தா கேட்காத எளிய ரீடர் ஒன்றைக் கூட்டாக வாங்குங்கள். விளக்கு எரிந்தால் முதலில் வாசியுங்கள். எண்ணையும் உறைந்த படத்தையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காது கொடுத்துக் கேட்கும் மெக்கானிக்கிடம் அந்தத் தாளோடு போங்கள். பழுது நீங்கிய பின்னரே அழியுங்கள். கார் விற்பவரிடம் அதைக் கொண்டுசெல்வதானால், திரையை அவர் பக்கமும் திருப்பிக் காட்டி, அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்ற இரண்டையும் அவருக்கு விளக்குங்கள். நான் செய்யத் தவறியது அதுவே.

எங்கள் துறைக்கென ஒரு ரீடர் வாங்கியிருக்கிறோம். ஏடும் தொடங்கியாயிற்று. ஏரவாடாப் பக்கம் இருக்கும் நண்பர்கள் கையெழுத்திட்டு எடுத்துச்செல்லலாம்.